சர்வீஸ் பில்லில் இருக்கும், வண்டியில் இருக்காது: பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வாரண்டி முடிந்த 125 சிசி வண்டி. டீலரின் சொந்த சர்வீஸ் சென்டர். பெயர் இங்கே தேவையில்லை. பெயிட் சர்வீஸ் முடிந்து கைக்கு வந்த பில்லை வரி வரியாக எடுத்து வண்டியோடு ஒப்பிட்டதில் தெரிந்தவை இவை.

எஞ்சின் ஆயில், 1 லிட்டர், 480 ரூபாய். மேனுவல்படி இந்த எஞ்சினுக்கு ஆயில் மாற்றும்போது 900 மி.லி. போதும். அந்த 100 மி.லி.யை விட்டுவிடலாம். ஆனால் பழைய ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் தலையில் காய்ந்த சேறு உடையாமல் அப்படியே ஒட்டியிருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. பழையதை வடிக்காமல் மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டிருக்கிறார்கள். ஆயில் அதிகமானால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், எஞ்சின் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தள்ளும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வடித்த பிறகும் எஞ்சினுக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும், அதனால் புது ஆயிலும் சீக்கிரமே கருக்கும். நம்ப வேண்டிய சாட்சி போல்ட்டும் அதன் வாஷரும்தான்.

ஆயில் ஃபில்டர், 95 ரூபாய். இந்த எஞ்சினில் மாற்றக்கூடிய பேப்பர் ஃபில்டரே கிடையாது! ஸ்ப்ளெண்டர் போன்ற பல கம்யூட்டர் வண்டிகளில் இருப்பது ஒரு வலையும், கிளட்ச் கவருக்குள் சுழலும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டரும். இரண்டையும் கழுவத்தான் முடியும். உங்கள் மாடலின் பார்ட்ஸ் கேட்டலாகில் ஆயில் ஃபில்டர் என்று தனி எண் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.

ஏர் ஃபில்டர் கிளீனிங், 80 ரூபாய். இந்த வேலையை உண்மையாகவே செய்திருந்தார்கள், அதுதான் வினை. இந்த வண்டியில் இருப்பது ஆயில் தடவிய விஸ்கஸ் பேப்பர் ஃபில்டர். ஏர் கன்னால் ஊதினால் தூசியைப் பிடிக்கும் ஆயில் பூச்சு கெடும், பேப்பரில் நுண்ணிய ஓட்டை விழும். அதன் வழியே போகும் மண் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். விஸ்கஸ் என்றால் ஊதவே கூடாது. மேனுவல் சொல்லும் கி.மீ. வந்ததும் மாற்ற வேண்டியதுதான்.

செயினை டீசல் அடித்துக் கழுவி, கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். தளர்வு 10 மி.மீ. கூட இல்லை. இந்த ரக வண்டிகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வேண்டும். செயின் இறுக்கமாக இருந்தால் ஆள் ஏறி உட்கார்ந்து, பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே போகும்போது அது இழுபட இடமிருக்காது. அந்தச் சுமை முழுவதும் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பேரிங்கில் விழும். சத்தம் குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். பேரிங் செலவு பிறகு வரும்.

எஞ்சின் ஃப்ளஷ், அடிட்டிவ், டெஃப்லான் கோட்டிங், கன்ஸ்யூமபிள்ஸ் என்ற நான்கு வரிகளில் எதுவும் மேனுவலின் சர்வீஸ் அட்டவணையில் இல்லை. கோட்டிங்கால் பணம் மட்டும்தான் போகும். அடிட்டிவ் அப்படியல்ல. கியர் வண்டியில் கிளட்ச் தட்டுகள் அதே எஞ்சின் ஆயிலில் ஊறுகின்றன, உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்தால் கிளட்ச் வழுக்கும். கியர் வண்டிக்கு ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயில்தான். எம்பி என்றால் அது ஸ்கூட்டருக்கு.

அடுத்த முறை வண்டியை விடுவதற்கு முன், டிரெய்ன் போல்ட், ஸ்பார்க் பிளக், பின் வீலைப் பிடித்திருக்கும் ஆக்ஸில் நட் மூன்றிலும் நெயில் பாலிஷால் போல்ட்டுக்கும் பாடிக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். கழற்றியிருந்தால் கோடு உடைந்திருக்கும். பின் வீல் கழலாமல் பின் டிரம் பிரேக் கிளீனிங் நடந்திருக்க வழியே இல்லை. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று, வண்டியை விடும்போது வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள், வாய்ச் சொல் நிற்காது. பேரலிலிருந்து அளக்காமல் சீல் பிரிக்காத பாட்டிலில் ஆயில் கேளுங்கள். பில்லில் வரியையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பழைய 28 அல்ல.

வாரண்டி காலத்தில் மட்டும் சர்வீஸ் சென்டரை விட முடியாது. ஃப்ரீ சர்வீஸை உரிய கி.மீ.க்குள், உரிய நாளுக்குள் முடித்துப் பதிவு வாங்குங்கள், இல்லையென்றால் பிறகு அதையே காரணம் காட்டுவார்கள். ஃப்ரீ என்பது கூலிக்குத்தான், ஆயிலுக்கும் பாகத்துக்கும் காசு உண்டு.

வாரண்டி முடிந்துவிட்டதா? ஆயில் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். எஞ்சினை மூன்று நிமிடம் ஓட விட்டு அணைத்து, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, ரிங் ஸ்பேனரால் (பல வண்டிகளுக்கு 17 அளவு) போல்ட்டைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் வடியட்டும். வாஷர் புதிது போடுங்கள், சில ரூபாய்தான். போல்ட்டை முதலில் விரலால் மட்டும் திருகி ஏற்றுங்கள். போல்ட் ஏறும் எஞ்சின் கூடான கிராங்க்கேஸ் அலுமினியம், மரை தேய்ந்தால் இன்செர்ட் (உள்ளே செருகும் புது மரை) அடிக்க வேண்டி வரும். கடைசி இறுக்கம் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், உங்கள் மாடலுக்கு மேனுவலில் பாருங்கள். நியூமேட்டிக் கன்னால் இறுக்கிக் கொடுக்கும் இடங்களில்தான் இந்த மரை அதிகம் போகிறது. 900 கேட்கும் எஞ்சினில் முதலில் 800 மி.லி. ஊற்றி, மூன்று நிமிடம் ஓட விட்டு அணைத்து, அதே அளவு நேரம் காத்திருந்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

செயினுக்கு 90 கியர் ஆயில் போதும். உள்பக்கமாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். தளர்வை ஒரே இடத்தில் அளக்காதீர்கள், வீலைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் பாருங்கள்.

ஏபிஎஸ் பிரேக்கில் காற்று எடுப்பது, ஃபோர்க் சீல், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்), எஃப்ஐ (ஃபியூல் இன்ஜெக்‌ஷன்) கோளாறு ஆகியவற்றுக்குக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். அவற்றை, எதிரில் நின்று பார்க்க விடுகிற மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஏமாற்றியது தெரிந்தால் வண்டியைத் தொடாமல் போல்ட், கோடு, டிப்ஸ்டிக், ஓடோமீட்டர் நான்கையும் படம் எடுத்து, ஜாப் கார்டு நகலோடு டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம்.