நான்காவது விளக்கு எரிந்த பிறகு: குளோனிங் டாக்குடன் நான்கு ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தம் மடிக்கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை, விண்டோஸ், கோப்புகள், அமைப்புகள் எதுவும் மாறாமல், அப்படியே ஓர் எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிரைவுக்கு) மாற்ற விரும்புவதாகச் சொன்னார். என்னிடம் இருப்பதைப் போன்ற குளோனிங் டாக் ஒன்றை வாங்கலாமா என்றும் கேட்டார். நான்கு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்துபவன் என்ற முறையில் நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கருவியின் மீது எனக்கு இருக்கும் மதிப்பும் கோபமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காததால், எழுதித்தான் பதில் சொல்ல முடிந்தது.

ஒரு டிரைவை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுக்கும் இந்தக் கருவி பலருக்கும் தெரிந்ததுதான். மூல டிரைவுக்கு ஒன்று, நகல் டிரைவுக்கு ஒன்று என இரண்டு குழிகள் இருக்கும். கணினியுடன் இணைக்காமலேயே பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் மீண்டும் ஒருமுறை அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். 25, 50, 75, 100 விழுக்காடு என்று நான்கு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். பல பெயர்களில் ஏறத்தாழ இதே தோற்றத்தில் விற்கப்படுவதால், என்னிடம் இருப்பதன் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையான சிறப்பு. இந்தக் கருவிக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. விண்டோஸ், லினக்ஸ் என்ற வேறுபாடும் தெரியாது. டிரைவில் தரவு வைக்கப்படும் சிறு கட்டங்களான செக்டர்களை, முதலாவதிலிருந்து கடைசி வரை இங்கே படித்து அங்கே எழுதுவது ஒன்றே அதன் வேலை. அதனால் கணினி பூட் ஆவதற்கான, அதாவது தொடங்குவதற்கான, இஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிரைவின் ஒரு பிரிவு), கண்ணுக்குத் தெரியாத மீட்புப் பார்ட்டிஷன், பார்ட்டிஷன் அட்டவணை, விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் பூட்டிய பகுதி என எல்லாமே கேள்வியின்றி நகலுக்கு வந்து சேர்கின்றன. மென்பொருள் வழியாகக் குளோன் செய்யும்போது, விண்டோஸின் 'வேகத் தொடக்கம்' (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) இயங்குவதால் பாதி உறங்கிய நிலையில் கிடக்கும் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சில மென்பொருள்கள் தொட மறுத்து நின்றுவிடும். டாக் நிற்பதில்லை. ஆனாலும் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே கணினியை முழுமையாக அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் டிரைவை வெளியே எடுக்க வேண்டும் என்பேன். உறங்கிய நிலையும் சேர்ந்தே நகலாகும் என்பதால், அரைகுறையாக மூடிய ஒன்றைப் பிரதியெடுப்பதில் பொருளில்லை.

500 ஜிபி என்று அச்சிட்ட என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 97,67,73,168 செக்டர்கள் உள்ளன. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 5,00,10,78,62,016 பைட் வரும். அவற்றில் பாதிக்கு மேல் காலியிடம்தான் என்றாலும் டாக் காலியிடத்தையும் விடாமல் நகலெடுக்கிறது. முதல் விளக்கு 19 நிமிடத்தில் எரிந்தது. கடைசி விளக்குக்கு மட்டும் 34 நிமிடம் ஆயிற்று. ஹார்ட் டிஸ்க்கின் செக்டர் எண்கள் தட்டின் வெளி விளிம்பிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்கின்றன. வெளி வட்டம் நீளமானது, ஒரு சுற்றில் அதிகத் தரவு கடக்கும். உள் வட்டம் குறுகியது, ஒரு சுற்றில் கடக்கும் தரவும் குறைவு. இது தெரியாதவர் கடைசிக் காலாண்டில் கருவி செயலிழந்துவிட்டதோ என்று அஞ்சி மின்சாரத்தை நிறுத்திவிடக்கூடும். விளக்குகளுக்குப் பதிலாக, எத்தனை செக்டர் முடிந்தது என்று காட்டும் சிறிய எண் திரை ஒன்று இருந்திருக்கலாம்.

என் கோபத்திற்குக் காரணம் அந்தத் தாமதம் அன்று. நான்காவது விளக்கு என்ன சொல்கிறது என்பதே என் கேள்வி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவின் மடிக்கணினி மிகவும் மெதுவாகிவிட்டது என்பதால், அதிலிருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை இதே டாக்கில் வைத்து எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துக் கொடுத்தேன். வழக்கத்தைவிட நேரம் அதிகமாயிற்று. ஆனால் நான்கு விளக்குகளும் எரிந்தன. புதிய எஸ்எஸ்டி முதல் முயற்சியிலேயே பூட் ஆனது, அக்காவும் மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்றார். ஐந்து மாதம் கழித்து, குழந்தையின் முதல் ஆண்டுப் புகைப்படங்களில் மூன்று பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறமாக இருக்கின்றன என்று தொலைபேசியில் சொன்னார். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறியாமல் அலமாரியில் வைத்திருந்தது எங்கள் நல்லூழ். அதை எடுத்து, டாக்கில் செருகாமல் மேசைக் கணினியின் சாட்டா இணைப்பில் நேரடியாகப் பொருத்தி, குனூ டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் மீண்டும் படித்தேன். 48 கிலோபைட் அளவுக்கு முதல் சுற்றில் படிக்க இயலவில்லை என்று அது சொன்னது. டாக் எடுத்த நகலில் சரியாக அந்த இடங்களில் பூஜ்யங்கள் நிரம்பியிருந்தன.

அதாவது, படிக்க முடியாத செக்டர்களை டாக் சந்தித்திருக்கிறது, படிக்க முயன்று தோற்றிருக்கிறது, பூஜ்யத்தை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது. இது தெரிந்திருந்தும் ஒரு விளக்கைக்கூடச் சிவப்பாக்கவில்லை. கெட்ட செக்டரில் நிற்காமல் தாண்டிச் செல்வதை நான் குற்றம் சொல்லமாட்டேன். அழிந்துகொண்டிருக்கும் டிரைவிலிருந்து முடிந்ததை எடுப்பதற்கு அதுவே சரியான வழி, டிடி-ரெஸ்க்யூவும் அப்படித்தான் செய்கிறது. ஆனால் அது எந்தெந்த இடம் படிக்கப்படவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கிறது, பின்னர் அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிச் சென்று மீண்டும் மீண்டும் முயல்கிறது, இறுதியில் எவ்வளவு மீதம் என்று பைட் கணக்கில் சொல்கிறது. எங்கள் 48 கிலோபைட்டில் 40 மீண்டது. இரண்டு படங்கள் முழுமையாகத் திரும்பின. மூன்றாவது படம் திரும்பவில்லை.

துல்லியமான நகல் என்று பெட்டியின் மீது அச்சிடும் கருவி, நகல் துல்லியமாக இல்லாதபோது அதைச் சொல்லக் கடமைப்பட்டது. அந்த ஒரு படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஆறவில்லை.

அன்று முதல் டாக் முடித்த எந்த நகலையும் சோதிக்காமல் பூட் செய்வதில்லை. ஒருமுறை பூட் ஆனாலே விண்டோஸ் நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதிவிடும் என்பதால் ஒப்பீடு அதற்கு முன்பே நடக்க வேண்டும். யுஎஸ்பியிலிருந்து இயங்கும் லினக்ஸில் கணினியைத் தொடங்கி, டிரைவுகள் தாமாக மவுண்ட் ஆகாதபடி (கோப்புகளுக்காகத் திறக்கப்படாதபடி) பார்த்துக்கொண்டு, டாக்கை யுஎஸ்பியில் இணைத்து, இரண்டு டிரைவுகளையும் 'சிஎம்பி' கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிடுகிறேன். நகல் டிரைவ் பெரிதாக இருந்தால், சிறிய டிரைவ் 5,00,10,78,62,016 ஆவது பைட்டோடு முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரி மட்டும் வரும். அதற்கு முன் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை என்பதே அந்த வரியின் பொருள். இந்த நான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முழு நிம்மதி அந்த வரியைப் பார்க்கும் கணங்களில்தான். இதற்காக நகலெடுத்த அதே நேரத்தை மறுபடியும் செலவிட வேண்டியிருக்கிறது, ஒரு கணினியும் தேவைப்படுகிறது. கணினி தேவையில்லை என்பதற்காகத்தானே இந்த டாக்கை வாங்கினேன்.

விண்டோஸில் இரண்டு டிரைவுகளையும் ஒருசேர இணைப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. நகலுக்கும் மூலத்துக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் விண்டோஸ் இரண்டில் ஒன்றை 'ஆஃப்லைன்' நிலையில் வைத்துவிடும். அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் அடையாள எண்ணை மாற்றி எழுதிவிடும், அதன் பிறகு அந்த டிரைவ் பூட் ஆகாமல் போகலாம். அப்படியே விட்டுவிடுவது நல்லது.

அளவுப் பொருத்தம் பற்றியும் கேட்பார்கள். 500 ஜிபி டிரைவை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு டாக் நகலெடுக்காது. அதில் 93,77,03,088 செக்டர்களே உள்ளன, உள்ளே எவ்வளவு காலியிடம் இருந்தாலும் டாக்குக்கு அது கணக்கில்லை. 512 ஜிபிக்கு எடுக்கும். 1 டிபிக்கு எடுத்தால் மீதிப் பாதி ஒதுக்கப்படாத இடமாகக் கிடக்கும். சி டிரைவுக்கு அடுத்தாற்போல் மீட்புப் பார்ட்டிஷன் குறுக்கே நின்றால், அதை நகர்த்தாமல் சி டிரைவை விரிக்க இயலாது. ஜிபிடி என்னும் பார்ட்டிஷன் அட்டவணையின் காப்புப் பிரதி டிரைவின் கடைசியில் இருக்க வேண்டியது, பழைய அளவின் முடிவிலேயே, அதாவது நடுவிலேயே நின்றுவிடும். இவற்றைச் சரிசெய்ய மென்பொருள்கள் உள்ளன, காப்புப் பிரதியை இடம் மாற்ற ஜிடிஸ்க் போதும். பிட்லாக்கர் பயன்படுத்துபவர்கள் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கட்டும்.

மின் அடாப்டர் ஒருமுறை பழுதாகி மாற்றியிருக்கிறேன். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிரைவுகளுக்கு 12 வோல்ட் தேவை என்பதால் டாக்கை யுஎஸ்பி மின்சாரத்தில் ஓட்ட வழியில்லை. எது மூலம், எது நகல் என்பதை அச்சிட்டிருக்கும் எழுத்துகள் கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில் இருப்பதால், இரண்டு குழிகளின் முன்னும் சிவப்பும் பச்சையுமாகத் தாள் ஒட்டியிருக்கிறேன். மாற்றிச் செருகினால் வெற்று டிரைவ், நிறைந்த டிரைவின் மேல் துல்லியமாக நகலாகிவிடும்.

நல்ல நிலையில் உள்ள டிரைவை நகலெடுக்க இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. என் மூன்று கணினிகளுக்கும் இதில்தான் நகல் எடுக்கிறேன். என் டாக் நாளைக்கே பழுதானால் இன்னொன்று வாங்குவேன். இவ்வளவும் எழுதிய பிறகு நண்பரிடம், டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 5 ஆம் எண்ணும் 197 ஆம் எண்ணும் என்ன காட்டுகின்றன என்று கேட்டேன். முன்னது ஏற்கெனவே மாற்றி ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை, பின்னது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. 197 இல் 16 என்று படம் பிடித்து அனுப்பினார்.

வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் டாக்கை இரவல் கேட்டாலும் தரமாட்டேன் என்றும் சொன்னேன். கணினியை அணைத்து வைத்துவிட்டு, மீண்டும் தொடங்கிப் பார்க்காமல், டிரைவைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறார். சாட்டா கம்பியையும், வரைபடக் கோப்பை எழுதிவைக்க வேறொரு டிரைவையும் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.