நிலாவையும் மதச்சார்பற்றதாக்கிய மொழிபெயர்ப்புச் செயலி: எட்டு மாத அனுபவம்

வருடச் சந்தா 2,400 ரூபாய் கட்டி எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஆங்கிலம்-தமிழ் மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்யும் வேறு இரண்டு செயலிகளிலும் போட்டுப் பார்த்தேன், எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப் கொடுத்தால் நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் 40 பக்கத்தைத் தமிழில் தந்துவிடும், ஒற்றுப்பிழை குறைவு, வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம் மாதிரி சமாச்சாரங்களுக்கு அருமை. எனக்கு இதுதான் பிழைப்பு என்பதால் அந்த நேரம் மிச்சமாவது சின்ன விஷயமில்லை.

வம்பு வந்தது, மதச்சார்பற்ற என்று நாம் வழக்கமாக மொழிபெயர்க்கிற செக்யூலர் (secular) என்ற ஒரே சொல்லில். ஒரு பங்கு ஆலயத்தின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய ஆங்கிலக் குறிப்புகளை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தார்கள். இயேசு சபைத் துறவிகளிடமிருந்து அந்தப் பங்கு ‘செக்யூலர் கிளர்ஜி’ கைக்கு வந்தது என்று ஒரு வரி. செயலி கண்ணை மூடிக்கொண்டு ‘மதச்சார்பற்ற குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று போட்டது, நானும் ராத்திரி பதினொரு மணித் தூக்கத்தில் அதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். காலையில் பங்குத்தந்தை போன் செய்தார். “என்னங்க, எங்களையெல்லாம் மதச்சார்பற்றவங்க ஆக்கிட்டீங்க, அப்ப ஞாயித்துக்கிழமை பூசை யாரு வைக்கிறது?” அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

துறவற சபை எதிலும் சேராமல் ஆயருக்குக் கீழே ஊர் மக்களோடு இருந்து பணி செய்கிற குருக்களுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். செக்யூலருக்கு மூலமான சேக்குலும் என்ற லத்தீன் சொல்லுக்குத் தலைமுறை, யுகம், நூற்றாண்டு என்றெல்லாம் பொருள், பிறகு கிறிஸ்தவ லத்தீனில் அதுவே ‘இந்த உலகம்’ என்று ஆனது. மடத்துக்குள் இல்லாமல் உலகத்துக்குள் இருப்பவர், அவ்வளவுதான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் மறைமாவட்டக் குரு என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். செயலிக்கு அது தெரியாது.

அந்த நூற்றாண்டுப் பொருளையும் யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. அடுத்த வாரம் வந்த பொருளாதாரக் கட்டுரையில் ‘செக்யூலர் ஸ்டாக்னேஷன்’. பொருளாதார அறிஞர் ஆல்வின் ஹான்சன் 1938இல் பேசியது, 2013இல் இன்னொரு பொருளாதார அறிஞர் லாரி சம்மர்ஸ் மறுபடி கிளப்பியது. பொருளாதாரம் வருடக்கணக்கில் எழுந்திருக்காமல் படுத்துக் கிடப்பது. செயலியின் தமிழில் ‘மதச்சார்பற்ற தேக்கம்’. வானியலையும் விடவில்லை. நிலாவின் ஓட்டத்தில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிற மெல்லிய மாற்றத்தை, வானியலாளர் ஹாலி 1695லேயே சந்தேகப்பட்டதை, ‘நிலவின் மதச்சார்பற்ற முடுக்கம்’ என்று எழுதியது. நிலா பாட்டுக்கு வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, அதன் மதம் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சரி, செயலியில் சொற்பட்டியல் என்று ஒரு வசதி இருக்கிறதே, விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்களே என்று அங்கே போய் செக்யூலர் என்றால் ‘நீண்டகால’ என்று பதிந்தேன். பொருளாதாரக் கட்டுரை ஜோராக வந்தது. பட்டியலை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் ஒரு பள்ளிக் கையேட்டை ஏற்றினேன். அரசியலமைப்பின் முகப்புரை இப்படி வந்தது: ‘இறையாண்மை கொண்ட சமதர்ம நீண்டகால ஜனநாயகக் குடியரசு’. அப்புறம் அதே கையேட்டில் கர்நாடகத்து மதச்சார்பற்ற ஜனதா தளம், ‘நீண்டகால ஜனதா தளம்’. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் பதிய முடியும், துறைவாரியாகத் தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொள்ள வழியே இல்லை. என்னைக் கேட்டால் இந்தச் செயலியின் பெரிய ஓட்டை இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. கோயில் வழக்குகளைத் தொகுக்கும் ஒரு வழக்கறிஞருக்காக வேலை செய்தபோதுதான் எனக்குப் பயமே வந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அர்ச்சகரை நியமிப்பது செக்யூலர் செயல் என்றது. பரம்பரை வாரிசுரிமையை ஒழித்த தமிழ்நாட்டுச் சட்டம் அதனால்தான் நின்றது. செயலி இதை ‘மதச்சார்பற்ற செயல்’ என்றது. பத்திரிகைகளிலும் அப்படி எழுதுகிறார்கள், தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் படிப்பவர் என்ன நினைப்பார்? எந்த மதத்தவரையும் அர்ச்சகராக வைக்கலாம் என்றா? தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை, ஆகமத்தை அது தொடவுமில்லை. பூசை சமயக் காரியம், பூசை செய்ய ஆளை நியமிப்பது நிர்வாகக் காரியம் என்று கோடு போட்டது. ‘உலகியல் சார்ந்த’ என்று நான் மாற்றினேன், வழக்கறிஞரும் ஒப்புக்கொண்டார்.

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு வந்த விதம் இன்னும் மோசம். முகப்புரைக்கு இந்தச் சொல் 1976இல் 42ஆவது திருத்தத்தில்தான் வந்தது, ஆனால் 25இல் ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்திருக்கிறது: மத வழக்கத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி, அரசியல் அல்லது வேறு செக்யூலர் நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று. செயலியின் தமிழில் அது ‘மத நடைமுறையுடன் தொடர்புடைய மதச்சார்பற்ற நடவடிக்கை’. இதைப் படித்துவிட்டுப் புரிந்தது என்று சொல்பவருக்கு நானே ஒரு வருடச் சந்தா கட்டுகிறேன். முகப்புரையில் இருப்பது அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாது என்ற பொருள், இங்கே இருப்பது உண்டியல் கணக்கு, கடை வாடகை மாதிரி விவகாரம்.

வாடிக்கையாளர் சேவைக்கு இத்தனையையும் படம் பிடித்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, சூழலுக்கேற்பப் பொருள் மாறலாம், கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. சூழலைப் பார்ப்பதற்குத்தானே அய்யா காசு வாங்குகிறீர்கள்.

ஐந்துக்கு இரண்டரை. வேகத்துக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. கடிதம், ரசீது, ஒப்பந்தம் என்று வேலை இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எனக்கு வருடச் சந்தா முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதன் பிறகு 250 ரூபாய் மாதச் சந்தாவுக்கு மாறிக்கொள்வேன், நீதிமன்ற வேலை வருகிற மாதம் மட்டும் கட்ட மாட்டேன்.