ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாடு: மூன்று டப்பாக்களின் நீண்ட நாள் அனுபவம்

என் மகன் இப்போது நான்காம் ஆண்டு படிக்கிறான், மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில். முதலாம் ஆண்டில் சேர்ந்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. மனைவிக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவள் வீடு திரும்பும் நேரமும் நாங்கள் கிளம்பும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த ஆண்டுகளில் மூன்று வகை டப்பாக்களைப் பயன்படுத்தியிருக்கிறோம்: அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா, சூடு ஆறாமல் வைக்கும் சாப்பாட்டு பிளாஸ்க், சாதாரண எவர்சில்வர் டப்பா. எது எதற்கு உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன். பிள்ளை சாப்பிடாமல் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரும் வீட்டில் இருப்பவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு உறைப்பு ஆகாது. குழம்பு சோற்றில் பட்டால் அந்தப் பக்கமே தொடமாட்டான். முறுகலாக இருக்க வேண்டியது முறுகலாக இருக்க வேண்டும், ஊறியிருந்தால் ஒரு வாயோடு நிறுத்திவிடுவான். நெத்திலி பொரித்தால் தனியாகத் தின்பான்; மிளகாய்ச் சம்பலில் புரட்டினால் அதே நெத்திலியைத் தள்ளி வைப்பான். பள்ளி கேண்டீனில் கிடைக்கும் மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) எல்லாம் அவனுக்கு ஆகாது. வரிசையில் நின்று வாங்கி முடிப்பதற்குள் ஓய்வு நேரத்தில் பாதி போய்விடும் என்பது வேறு கதை.

காலை ஆறேகால் மணிக்கு டப்பாவை மூடுகிறேன். பத்து மணிக்கு அவன் திறக்கிறான். கையில் இருப்பது 20 நிமிடம். வெளியே பினாங்கு வெயில், வகுப்பறையில் மின்விசிறி. இந்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பாடு வேறொன்றாக மாறிவிடுகிறது. தோசை வியர்க்கிறது, மீகூன் (அரிசி சேமியா) ஊறிக் கட்டியாகிறது, தயிர்ச்சோறு புளிக்கிறது, ஆப்பிள் பழுப்பாகிறது. எல்லாம் சாப்பிடும் பிள்ளைக்கு இது பொருட்டில்லை. ஒதுக்கிச் சாப்பிடும் பிள்ளைக்கு இதுதான் முழுப் பிரச்சினையும். வீட்டில் ஆசையாகத் தின்ற தோசையும் டப்பாவைத் திறக்கும்போது தெரியும் தோசையும் அவனுக்கு ஒன்றல்ல. ஆகவே நான் எந்த டப்பாவையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் மதிப்பிடுகிறேன்: ஆறு மணிக்கு வைத்தது பத்து மணிக்கும் அப்படியே இருக்கிறதா?

முதலாம் ஆண்டில் வாங்கியது அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா. ஜப்பானியப் பெந்தோ பாணி, நாலு அறை, மூடியில் ரப்பர். ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்கு அறைகள் நல்ல வசதி. வெள்ளரிக்காய் ஓர் அறை, நெத்திலியும் கச்சானும் (வேர்க்கடலை) ஓர் அறை, முட்டை ஓர் அறை என்று வைத்தால் திறந்ததும் எது எங்கே என்று அவனுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்துக்காகவே அவன் கேண்டீன் மேசையில் நிம்மதியாக உட்கார ஆரம்பித்தான். குறைகளும் உண்டு. மஞ்சள் பட்ட இடம் மஞ்சளாகவே நின்றது. வெயிலில் காயவைத்தால் நிறம் மங்கும், முழுதாகப் போகாது. மூடியின் கொக்கி, பிளாஸ்டிக்கையே மெல்லிசாக மடித்துச் செய்தது, வருடம் திரும்புவதற்குள் விட்டுப்போனது. ரப்பர் வளையத்தை மூடியிலிருந்து கழற்ற முடியவில்லை. இங்குள்ள ஈரக் காற்றில் அந்த இடுக்கில் கறுப்புப் புள்ளி பிடித்தது. எவ்வளவு தேய்த்தும் போகாததால் தூக்கிப் போட்டுவிட்டேன். வளையம் கழலாத டப்பாவை இப்போது கையில்கூட எடுப்பதில்லை.

அடுத்தது பிளாஸ்க். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் வாங்குகிற பலரும் சில மாதத்தில் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். எங்களுடையது ஜப்பானியத் தயாரிப்பு, 300 மில்லி, அகல வாய். விலை 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை எடுத்துவிட்டுச் செய்வது. 1892இல் ஜேம்ஸ் டூயர் கண்டுபிடித்த அதே முறை. காற்று இல்லாததால் சூடு சுலபத்தில் வெளியே கடக்காது. ஆனால் நாம் சாப்பாடு போடும்போது உள்சுவர் குளிர்ந்திருந்தால் முதல் சில நிமிடத்திலேயே சூட்டை அது குடித்துவிடும். அதனால் கொதிநீரை ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் விட்டு, கொட்டிவிட்டுத்தான் சாப்பாட்டைப் போட வேண்டும். கழுத்து வரை நிரப்பவும் வேண்டும். பாதி நிரப்பினால் பத்து மணிக்கு வெதுவெதுப்புதான் மிஞ்சும்.

இதில் வைத்துச் சரிவந்தவை: ரசச்சோறு குழைவாக, அரிசிக் கஞ்சி, சூப். கஞ்சி உள்ளே இருக்க இருக்க இறுகும், ஆகவே வீட்டில் குடிப்பதைவிடத் தண்ணியாக ஊற்றுகிறேன். சரிவராதவை: இட்லி, புட்டு, பொரித்தது எதுவும். மூடிய சூட்டில் நீராவி போக இடமின்றி இட்லியின் மேல்தோல் வழவழவென்று ஆகிவிடும். பாலும் தயிரும் பிளாஸ்க்கில் போடக்கூடாது, சீக்கிரம் கெடும் என்று பயன்பாட்டுக் குறிப்பிலேயே போட்டிருக்கிறது.

மீகூன் சூப் தனிக்கதை. அவனுக்கு மிகவும் பிடித்தது அது. பிளாஸ்க்கில் சேர்த்தே போட்டு அனுப்பினால் மாலையில் வந்து, "அப்பா, மீகூன் சூப்பை எல்லாம் குடிச்சிருச்சு, களி மாதிரி இருக்கு" என்பான். இப்போது மீகூனை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசறி எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறேன். சூப் மட்டும் பிளாஸ்க்கில், தளதளவென்று கொதிக்கும்போது. பத்து மணிக்கு அவனே டப்பாவில் சூப்பை ஊற்றிக்கொள்கிறான். இதில் இன்னொரு லாபம், பிளாஸ்க்கில் நாலு மணி நேரம் இருந்த சூப் அப்போதும் நாக்கைச் சுடும். ஆறிய மீகூனில் ஊற்றியதும் உடனே சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடுகிறது. 20 நிமிடத்தில் பத்து நிமிடம் ஊதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிளாஸ்க்கின் பெரிய தொல்லை மூடி. சூடான சாப்பாடு உள்ளே கொஞ்சம் ஆறும்போது மூடி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏழு வயதுப் பிள்ளையின் கையால் திருக முடியாது. பசியோடு மூடியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் பட்டினி. மூடியின் நடுவில் அழுத்தினால் காற்று உள்ளே போகும் பொத்தான் உள்ள வகையைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று கனம். நிரப்பிய பிளாஸ்க், தண்ணீர்ப் போத்தல், புத்தகம் என்று பை தோளை இழுக்கும். கீழே விழுந்து நசுங்கினால் சில வேளை சுவர்களுக்கு இடையிலான வெற்றிடம் போய்விடும். கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் சூடாக இருந்தால் அது வெறும் டப்பா.

எவர்சில்வர் டப்பா லிட்டில் இந்தியாவில், பினாங்கு வீதிப் பக்கம் உள்ள பாத்திரக் கடையில் வாங்கியது. 20 வெள்ளிக்குள். இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி, உள்ளே கழற்றக்கூடிய ஒரு தடுப்பு. 304 தர எவர்சில்வர். இது சூடு காக்காது, கொஞ்சம் நசுங்கியும் இருக்கிறது, ஆனால் மூன்றிலும் அதிகம் உழைத்தது இதுதான். மஞ்சள் பிடிப்பதில்லை, வாடை தங்குவதில்லை.

இதில் தோசை வைக்கும் முறையைச் சொல்கிறேன். கல்லிலிருந்து எடுத்ததும் டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் பட்டுத் துளியாகித் தோசை மேலேயே சொட்டும். நான் தோசைகளைக் கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஆறவிடுகிறேன். அந்த நேரத்தில் அவன் குளித்து உடுத்துகிறான். ஆறியதும் நல்லெண்ணெய் லேசாகத் தடவி, சுருட்டி, மூன்று துண்டாக வெட்டி அடுக்கி, மேலே ஒரு சமையலறைத் தாளை வைத்து மூடுகிறேன். மிச்ச ஈரத்தைத் தாள் வாங்கிக்கொள்ளும். முறுகல் தோசையாக இருக்காது, ஆனால் வழவழப்பும் இருக்காது. தொட்டுக்கொள்ள இட்லிப்பொடி, உறைப்பில்லாமல் எள்ளும் உளுந்தும் வறுத்து அரைத்தது. சட்னி அனுப்புவதே இல்லை. தேங்காய்ச் சட்னி இந்த வெப்பத்தில் பத்து மணிவரை நிற்காது.

தயிர்ச்சோற்றுக்கு வழி சொன்னது அம்மா. "தயிரா ஊத்தாதய்யா, சோத்தைக் குழையவிட்டு, காய்ச்சின பாலை ஊத்தி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசை. அவன் திறக்கிறப்ப சரியா உறைஞ்சிருக்கும்" என்றார். பாலும் சோறும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு தயிரை விட வேண்டும். புளிப்பே இல்லாமல் பத்து மணிக்குப் பதமாக இருக்கிறது. அதே அம்மா, "ஒரு நாள் பட்டினி போட்டா தானா எல்லாத்தையும் தின்பான்" என்றும் சொல்வார். அதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் ஒரு பங்கு பிரித்துச் சொல்லியிருக்கிறார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் முடிவு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. எங்கள் வீட்டுக்கு அது பொருந்தியது. டப்பா மிச்சத்தோடு வந்தால் திட்டுவதில்லை.

மிச்சத்தைப் பார்ப்பேன். திரும்பி வரும் டப்பாவில் நிறைய செய்தி இருக்கிறது. ஒரு கடி கடித்த தோசை என்றால் ஊறியிருக்கிறது. தொடாத தோசை என்றால் நேரம் போதவில்லை, அல்லது பக்கத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவித்த முட்டை முழுசாக வந்தால் மூடியைத் திறந்ததும் அடித்த வாடை. அதற்குப் பிறகு முட்டையைத் தட்டையாகப் பொரித்து, ஆறவைத்து, வெட்டி அனுப்பினேன், தீர்ந்தது. கொய்யா பாதி வந்தால் துண்டு பெரிசு. கொய்யாவுக்கு அசாம்போய்ப் பொடியை (உப்பிட்ட புளிப்புப் பிளம் பழப் பொடி) தூவினால் நீர்விடும், ஆகவே பொடியைச் சிறு தாளில் மடித்துத் தருகிறேன். ஆப்பிள் என்றால் உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் பழுப்பாவது தள்ளிப்போகும். பப்பாளி, தர்ப்பூசணி வேண்டவே வேண்டாம்.

அந்த மிச்சத்தைச் சாயங்காலம் சூடாக்கித் தருவதும் இல்லை. சமைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தும் சாகாமல் இருக்கலாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே வைத்தால் அது பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இந்த வெப்பநிலையில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்த சாப்பாட்டைக் கொட்டிவிடச் சொல்கிறது ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி. பத்து மணிக்கு அவன் சாப்பிட்டால் ஏறக்குறைய அதற்குள் அடங்குகிறது, ஒன்றரை மணிக்கு வீடு வருவது அடங்காது. முந்தின இரவுச் சோற்றையும் டப்பாவில் போடுவதில்லை.

காய்கறி பற்றிக் கேட்பார்கள். நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் சுக்கு-சுக்கு-செப்பாரோ (கால்-கால்-பாதி) என்ற உணவுத் தட்டு முறையில் பாதி காயும் பழமும். ஓய்வு நேர டப்பாவில் அந்தப் பாதியைப் பிடிவாதமாக நிரப்பப் பார்த்தால் டப்பா முழுசாகத் திரும்பி வரும். வெள்ளரி, கேரட், கொய்யா, இவ்வளவுதான் பள்ளிக்கு. புதிய காயை இரவுச் சாப்பாட்டில், எங்கள் தட்டிலிருந்து ஒரு துண்டாக அறிமுகப்படுத்துகிறேன். ஒரு புதிய ருசிக்குப் பிள்ளை பழகப் பல தடவை பார்க்கவும் தொடவும் நேரம் வேண்டும். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, 20 நிமிடத்தில், பசியோடு அதைச் செய் என்று கேட்பது நியாயமில்லை. பீன்ஸ் அப்படித்தான் வீட்டில் உள்ளே வந்தது. கத்தரிக்காய் இன்னும் வரவில்லை.

பராமரிப்பு: பிளாஸ்க் வளையத்தைத் தினமும் கழற்றி, வாரம் ஒரு முறை சோடா மாவு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, நிழலில் தனியாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் மறுநாள் கஞ்சியில் வெங்காய வாடை வரும், அவன் கண்டுபிடித்துவிடுவான். வளையம் தனியாகவும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எவர்சில்வர் டப்பாவை வாங்குங்கள். பிள்ளை சூப்பும் கஞ்சியும் குடிப்பவன் என்றால் மட்டும் பிளாஸ்க்கைச் சேர்க்கலாம். எதை வாங்கினாலும் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் அவனையே மூடித் திறக்கச் சொல்லுங்கள். பிளாஸ்க் என்றால் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றி மூடி, சில மணி நேரம் கழித்து மறுபடி அவனையே திறக்க விடுங்கள். காலியாக இருக்கும்போது எல்லா மூடியும் சுலபமாகத்தான் திறக்கும்.