'உத்தரவாத வாடகை' என்று யாராவது வந்தால் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள்

9,600 சிங்கப்பூர் வெள்ளி. மாதம் 3,200 வீதம் மூன்று மாத வாடகை, போயே போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல்முறையாக வீட்டை வாடகைக்கு விடப்போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

நான் அம்மாவோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். செம்பவாங்கில் வாங்கிய சின்ன கொண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டை, வாடகைக்கு விட்டு வீட்டுக் கடனைக் கட்டலாம் என்பது திட்டம். அப்போது வந்ததுதான் அந்த நிறுவனம். ஏஜெண்ட் கிடையாது. வீட்டை மொத்தமாக நம்மிடம் வாடகைக்கு எடுத்து, உள்வாடகைக்கு ஆள் பிடித்து, நமக்கு மாதம் ஒரு தொகை தரும் வகை.

வந்த தம்பி நம்ம ஆள். காப்பிக் கடையில் உட்கார்ந்து, "அக்கா, வீடு காலியாகக் கிடந்தாலும் ஒன்றாம் தேதி உங்கள் கணக்கில் பணம் விழும்" என்றார். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக்கூட அக்கறையாக விசாரித்தார். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் ஒழுங்காகக் கட்டி, சான்றிதழை அனுப்பினார். முன்பணம் மட்டும் எங்களிடம் கேட்க வேண்டாம் என்றார், "நாங்கள் நிறுவனம் அக்கா, ஓடிப்போக மாட்டோம்." ஆரம்பத்தில் வாடகையும் தேதி தவறாமல் வந்தது.

அப்புறம் நின்றது. கேட்டால் கணக்குப் பிரிவில் மென்பொருள் மாற்றுகிறார்களாம். அடுத்த மாதம், "வெள்ளிக்கிழமை கண்டிப்பாக." அதற்கடுத்து, அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டார், புது ஆள் அழைப்பார் என்று ஒரு குறுஞ்செய்தி. யாரும் அழைக்கவில்லை. பாயா லேபாரில் அவர்கள் முகவரிக்கே போனேன். கதவில் வேறு நிறுவனத்தின் பலகை.

இதற்கிடையே கொண்டோ நிர்வாகத்திடமிருந்து அழைப்பு: உங்கள் வீட்டுக்குப் பெட்டியோடு ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்களே! போய்ப் பார்த்தால், வாசல் கம்பிக் கதவில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி தொங்குகிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள்: வைஃபை கடவுச்சொல், "செக் அவுட் காலை 11 மணி." என் வீட்டை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள்! சிங்கப்பூரில் தனியார் வீட்டைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. வீவக வீடென்றால் ஆறு மாதம். மீறினால் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். பணமும் போய், தலைக்கு மேல் கத்தியும் தொங்குகிறது. அதோடு சொத்து வரி வேறு. நாம் குடியிருக்காத வீட்டுக்கு 2024 முதல் 12 விழுக்காட்டில் தொடங்கி 36 வரை போகிறது. வாடகை வராவிட்டாலும் அது நிற்காது.

நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் அந்த நிறுவனத்தின் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். செலுத்திய மூலதனம், அதாவது பங்குதாரர்கள் போட்ட பணம், 1 வெள்ளி. சட்டப்படி அது போதுமாம். அதை வைத்துக்கொண்டு என் 9,600 வெள்ளியைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரமாகச் சில:

முன்பணம் வாங்காமல் சாவி கொடுக்காதீர்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்பதுதான் இங்கே வழக்கம். நிறுவனம் என்றால் கையெழுத்துக்கு முன்பே அக்ரா விவரத்தை வாங்கிப் பாருங்கள், சில வெள்ளிதான் ஆகும். உங்கள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்வாடகை கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். குடிவருபவர்களின் அசல் வேலை அனுமதி அட்டையையும் கடப்பிதழையும் நீங்களே பாருங்கள். அந்தப் பொறுப்பைச் சட்டம் உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. வாடகை ஒரு வாரம் தள்ளினாலே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்.

ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்பதால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு வந்தாலும் அவர்களிடமிருந்து 9,600 வெள்ளி திரும்புமா, தெரியவில்லை.

இப்படி ஒரு நிறுவனத்திடம் ஏற்கெனவே வீட்டைக் கொடுத்தவர்கள், வாடகை ஒழுங்காக வந்தாலும் சரி, இன்றைக்கே ஒரு நடை போய் வாசலில் சாவிப் பெட்டி தொங்குகிறதா என்று பாருங்கள்.