அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் தேசியப் போட்டி: செட்டிநாட்டு ரசிகர்களுக்கு ஒரு பரிந்துரை

ஐரோப்பிய லீக் ஆட்டங்களுக்காக நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும் காரைக்குடி, தேவகோட்டைக் கால்பந்து ரசிகர்கள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு ஆடவர் போட்டியையும் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1959ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இப்போட்டி, நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடிகிறது. அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலையில் வருவதால் உறக்கமும் கெடுவதில்லை.

மொத்தம் 48 அணிகள். தோற்றால் வெளியேற வேண்டியதுதான். தரவரிசை பெற்ற 16 அணிகள் இரண்டாம் சுற்றில்தான் களம் இறங்குகின்றன. அரையிறுதியும் இறுதியாட்டமும் மட்டுமே இரு அணிக்கும் பொதுவான மைதானத்தில் நடக்கின்றன. அதற்கு முந்தைய சுற்றுகள் கல்லூரி வளாகங்களிலேயே நடப்பதால், ஆடுபவர்களோடு ஒரே வகுப்பில் அமரும் மாணவர்கள் எல்லைக்கோட்டருகே நின்று ஆர்ப்பரிக்கிறார்கள். இதுவே இப்போட்டியின் பெரும் சிறப்பு. நம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் மண்டல ஆட்டங்கள் முழுவதும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த நாள்களில் நடந்து முடிந்துவிடுகின்றன. அழகப்பா பல்கலைக்கழக அணி வெளியூரில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதைக் காணும் வாய்ப்பு காரைக்குடி மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 10 முறையும் இந்தியானா 8 முறையும் கோப்பையை வென்றுள்ளன. ஆனால் செயின்ட் லூயிஸ் கடைசியாக வென்றது 1973இல். பழம்பெருமை இங்கே எந்த அணியையும் காப்பாற்றாது என்பதற்கு 2024ஆம் ஆண்டு இறுதியாட்டமே சான்று. தரவரிசையில் இடமே பெறாத வெர்மான்ட், மார்ஷல் அணியிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்து, 81ஆம் நிமிடத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 2-1 என வென்று முதன்முறையாகப் பட்டம் சூடியது.

விதிகள் சற்று வேறுபட்டவை. கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. கோல் விழுந்தாலோ அட்டை காட்டப்பட்டாலோ நிறுத்தப்படுகிறது. நேரத்தைக் கடத்தும் தந்திரத்துக்கு இதனால் பலன் குறைவு என்பதால் இதை மனமார வரவேற்கிறேன். ஆட்டக்காரர்களை மாற்றும் விதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே போனவர் இரண்டாம் பாதியில் ஒருமுறை மீண்டும் உள்ளே வரலாம் என்பதால், ஓய்ந்த கால்களோடு அறிவைக் கொண்டு ஆடும் கட்டம் வருவதே இல்லை. ஓட்டமும் மோதலும் மிகுந்து, நடுக்கள நுணுக்கம் குறைகிறது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து டிசம்பருக்குள் பருவம் முழுவதையும் அடக்குவதும் மாணவர்களின் உடலுக்கு மிகையான சுமை.

புதிதாகப் பார்ப்பவர்கள் அந்த 2024 இறுதியாட்டத்தில் தொடங்கலாம். அடுத்து, 2-2 என முடிந்து பெனால்டியில் இந்தியானாவை சிராக்யூஸ் 7-6 என வென்ற 2022 இறுதியாட்டத்தைப் பார்க்கலாம். இரண்டின் முக்கியக் காட்சிகளும் யூடியூபில் கிடைக்கின்றன. வர்ணனை ஆங்கிலத்தில்தான் இருக்கும்.