செயலியில் வாங்கிய நாக்கு மீன்: ஒரு மதிப்புரை

சென்னையில் செயலி வழியாக மீனை வீட்டுக்கே அனுப்பும் சேவை ஒன்றிலிருந்து, கடந்த ஓராண்டில் வெவ்வேறு பருவங்களில் நாக்கு மீனை வாங்கிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே குறிப்பிடும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வஞ்சிரம், வவ்வால், சங்கரா என்று எல்லாரும் கேட்கும் மீன்களை விட்டுவிட்டு இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாக்கு மீனைப் போல மணலோடும் சேற்றோடும் ஒட்டிக் கிடக்கும் தட்டை மீன்கள், கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடியிலிருந்து தப்பிப்பது அரிது. ஆகவே, தன் சரக்கு எங்கிருந்து, எந்த வலையில் வருகிறது என்பதில் ஒரு விற்பனையாளருக்கு எவ்வளவு அக்கறை இருக்கிறது என்பதை அறிய நாக்கு மீனைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பொதி சொன்ன நேரத்தில் வந்தது, பனிக்கட்டி உருகாமல் இருந்தது, மீனில் நாற்றமில்லை. நாக்கு மீனைச் சுத்தம் செய்வதில் பெரிய வேலை தோலை உரிப்பதுதான். தலைப்பக்கம் கீறி, தோலின் நுனியைப் பிடித்து, வால்வரை ஒரே இழுப்பில் உரிக்கத் தெரிந்த கைகள் சந்தையில் இருக்கின்றன. வீட்டில் முயன்றால் வழுக்கும், விரலில் கல்லுப்பைத் தொட்டுக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையை இவர்கள் நேர்த்தியாகச் செய்து தருகிறார்கள். மொத்த எடையையும் சுத்தம் செய்த பின் நிற்கும் நிகர எடையையும் தனித்தனியாகக் காட்டுவதும் நேர்மையான வழக்கம், ஏனென்றால் தலை, தோல், ஓரத் துடுப்புகள் எல்லாம் போனபின் இந்த மீனில் மிஞ்சுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. விலை, சந்தை விலையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வெயிலில் அலையாமல் கிடைக்கும் வசதிக்கு அது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். மிளகாய்த்தூளும் மஞ்சளும் புளிக்கரைசலும் தடவி வறுத்தபோது, முள் எளிதாகப் பிரிந்து, சதை மென்மையாகவே இருந்தது.

பொதியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ‘கடலிலிருந்து நேரடியாக’, ‘பொறுப்புடன் பிடிக்கப்பட்டது’ என்ற இரண்டு வாசகங்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன. எந்தக் கடல், எந்தத் துறைமுகம், எந்த வலை, எந்த இனம் என்ற நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லை. செயலியின் உரையாடல் பகுதியில் கேட்டபோது, ‘ஃப்ரெஷ் கடல் மீன்தான் சார், வளர்ப்பு மீன் இல்லை’ என்ற பதில் வந்தது. நான் கேட்டது அதுவன்று.

இனத்தைக் கேட்பது அளவுக்கு மீறிய நுணுக்கம் என்று சிலர் நினைக்கலாம். சென்னைச் சந்தைக்கு வரும் தட்டை மீன்களைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். நாக்கு மீன் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் சைனோகுளோசஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அதற்குள்ளேயே 40 செ.மீ. அளவுக்கு வளரும் இனங்களும் உண்டு, அதில் பாதிகூட எட்டாத இனங்களும் உண்டு. எருமை நாக்கு என்று விற்கப்படும் செட்டோடஸ் எருமெய் வேறு குடும்பம். அகன்ற வாயும் கூரிய பற்களும் கொண்டு 60 செ.மீ. வரை வளரக்கூடியது. இவை தவிர, சூடோராம்பஸ் வகைத் தட்டை மீன்களும் அதே மடியில் ஏறி, அதே கூடையில் கரைக்கு வருகின்றன. மலபார் கரையில் கூட்டங்கூட்டமாகப் பிடிபடும் சிறிய நாக்கு மீனோ ஒரு சாண் அளவைத் தாண்டாமலே முழு வளர்ச்சி அடைந்துவிடுகிறது.

இதனால்தான் வெறும் அளவை வைத்து எதையும் தீர்மானிக்க முடிவதில்லை. எனக்கு வந்த பொதிகளில் மீன்கள் பெரும்பாலும் உள்ளங்கையைவிடச் சற்றே நீளமானவை. மலபார் நாக்கு மீனாக இருந்தால் அவை முட்டையிட்டு முடித்த முதிர்ந்த மீன்களாக இருக்கக்கூடும்; பெரிய இனங்களின் குஞ்சுகளாக இருந்தால், ஒருமுறைகூட இனப்பெருக்கம் செய்யாமல் நம் தட்டுக்கு வந்தவை. தலையை வெட்டி, தோலை உரித்து அனுப்பிவிட்டால் எது எதுவென்று வாங்குபவரால் கண்டுபிடிக்கவே முடியாது. நான் சற்றுமுன் புகழ்ந்த அதே நேர்த்தி இங்கே திரையாகவும் ஆகிவிடுகிறது. கேரளம் 2015இல் 14 இனங்களுக்குப் பிடிக்கத் தகுந்த குறைந்தபட்ச நீளத்தை அறிவித்து, பின்னர் அந்தப் பட்டியலை 58 இனங்களாக விரித்தது; மலபார் நாக்கு மீனுக்கு அங்கே வரம்பு 9 செ.மீ. இப்படி ஒரு வரம்பு வாங்குபவருக்குப் பயன்பட வேண்டுமென்றால் பொதியின் மேல் இனத்தின் பெயர் இருந்தாக வேண்டும்.

அடுத்தது வலை. தட்டை மீனை மட்டும் குறிவைத்து நம் கரையிலிருந்து விசைப்படகுகள் கிளம்புவதில்லை. அவை தேடிப் போவது இறாலை. இறால் வாழும் சேற்று, மணற்பரப்புகளே தட்டை மீன்களுக்கும் இருப்பிடம் என்பதால், இறாலுக்கு நல்ல விலை இருக்கும்வரை நாக்கு மீனின் விலை விழுந்தாலும் அதன்மேல் விழும் சுமை குறைவதில்லை. அகப்பட்டவற்றில் பெரியவை ஏலத்துக்குப் போகும். நடுத்தரமானவை கூறு கட்டி விற்கப்படும். விரல் நீளக் குஞ்சுகள் கருவாட்டுக்கோ, மீன் தூள் ஆலை வழியாகக் கோழித் தீவனத்துக்கோ போய்விடும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. மீன் வந்து சேரும் இழுவை மடியின் கடைப்பகுதியில் கண்ணி, அதாவது வலையின் துளை, 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் தட்டை மீனின் உடல் வடிவத்துக்குக் கண்ணி விதி மட்டும் போதுமானதன்று. உருண்ட உடலுள்ள மீன் நுழைந்து வெளியேறிவிடும் கண்ணியில், அகன்று தட்டையாக இருக்கும் குஞ்சு குறுக்கே படிந்து நின்றுவிடும். இழுப்பின் விசையில் கண்ணிகள் இறுகும்போது தப்பிக்கும் கொஞ்ச வாய்ப்பும் போய்விடுகிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தச் சேவையின் பட்டியலைக் கவனித்தது எனக்குப் பெரிய பாடம். கிழக்குக் கரையில் 2001இல் 45 நாள்களாகத் தொடங்கிய தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களாக நீள்கிறது. சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசைகட்டி நிற்கும் அந்த வாரங்களிலும் செயலியில் நாக்கு மீன் ஒருநாள்கூடத் தீர்ந்து போனதாகக் காட்டவில்லை. மேற்குக் கரையில் தடை ஜூன் முதல் நாள்தான் தொடங்குகிறது என்பதால், மே இறுதிவரை அங்கிருந்து சரக்கு வரலாம், அதில் தவறில்லை. ஜூன் மாதத்தின் முதல் பாதியில் இரண்டு கரைகளிலும் தடை இருக்கும்போதும் ‘இன்று காலை இறங்கியது’ என்ற வாசகம் மாறாமல் நின்றதுதான் உறுத்தியது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே அது நாட்டுப்படகுகளில் சேரும் ஃபைபர் படகின் மீனாக இருந்திருக்கலாம். அப்படியானால் பெருமையோடு அதைச் சொல்லியிருக்கலாமே. குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்த மீனாக இருந்தால் அதைச் சொல்வதிலும் இழிவு ஒன்றுமில்லை. தடைக்காலத்தின் நோக்கத்தை மதிக்கிற கடை, அந்த இரண்டு மாதங்களில் தன் பட்டியல் சுருங்குவதைக் குறையாக நினைக்கக் கூடாது.

தட்டை மீனைப் பற்றி இவ்வளவு கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்ததைச் சொல்வேன். அங்கே ஃப்ளவுண்டர் என்னும் தட்டை மீன், வணிக மீனவர்களும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களும் போட்டி போட்டுப் பிடிக்கும் மீன். 2019இல் வெளியான மதிப்பீடு, தெற்கத்திய ஃப்ளவுண்டரின் இருப்பு குன்றிவிட்டது, பிடிப்பும் வரம்பு மீறியிருக்கிறது என்று காட்டியது. அந்த ஆண்டில் பிடிப்பை 62 விழுக்காடும், 2020 முதல் 72 விழுக்காடும் குறைக்க முடிவெடுத்தார்கள். வணிகத்துக்கு 70, பொழுதுபோக்குக்கு 30 என்று பங்கு பிரித்தார்கள். 2023இல் தூண்டில்காரர்கள் தங்கள் பங்கைத் தாண்டிப் பிடித்துவிட்டதால் 2024இல் அவர்களுக்குப் பருவமே திறக்கப்படவில்லை. பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டு அது சிறிய சுமை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே 15 அங்குலத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்ற விதியிலும் ஒரு சிக்கல் உண்டு: அந்த இனத்தில் ஆண் மீன்கள் அவ்வளவு பெரிதாக வளர்வது அரிது, அதனால் வரம்பைத் தாண்டி வீட்டுக்குப் போகும் மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்களே.

நம் நிலை வேறு. அடையாறு முகத்துவாரத்திலும் கோவளத்திலும் எண்ணூரிலும் தூண்டிலோடு நிற்பவர்கள் எப்போதாவது ஒரு தட்டை மீனைத் தூக்கினால் அது இழுவை மடியின் கணக்கில் தூசு. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் படகில் அழைத்துச் சென்று மீன்பிடிக்க வைக்கும் பொழுதுபோக்குச் சேவைகள் வளர்ந்து வருகின்றன. அவர்களிடம் போகிறவர்கள், பிடித்ததில் எதை விட வேண்டும், எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்ற ஒழுங்கை இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பிடுவதற்காக இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். காசிமேடு விடியற்காலையில் ஏலத்துக்குரிய இடம். அளவிலும் விலையிலும் அதற்கு ஈடில்லை, ஆனால் அங்கே குவிவதில் பெரும்பங்கு பல நாள் கடலில் தங்கி வரும் விசைப்படகுகளின் சரக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். மெரினா வளையச் சாலையில் 2024இல் திறக்கப்பட்ட நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில் நாக்கு மீன் எல்லா நாளும் கிடைக்காது, குவியலும் சிறியது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. நான் வழக்கமாக வாங்கும் அக்காவிடம் கேட்டால், ‘இது நம்ம படகு மீனு தம்பி, ராத்திரி வலை, அது காசிமேட்டுல ஏலம் எடுத்தது’ என்று இரண்டு குவியலையும் தனித்தனியாகக் காட்டுவார். செயலி நிறுவனம் அச்சடித்த அட்டையில் சொல்லாத தகவல் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிடுகிறது. விலையும் அதற்கேற்ப மாறுகிறது. நம்ம படகு மீன் கூடுதல் விலைதான், மீனும் பெரியதுதான்.

இதே சேவை ‘சோல் ஃபில்லட்’ என்ற பெயரில் முள் நீக்கிய துண்டுகளையும் விற்கிறது; ‘சோல்’ என்பது நாக்கு மீன் போன்ற தட்டை மீன்களுக்கு ஆங்கிலப் பெயர். அதை வாங்க வேண்டாம். தட்டை மீனின் இரு பக்கமும் சதை மெல்லியது. ஒரு மீனிலிருந்து பொதுவாக நான்கு மெல்லிய துண்டுகளே எடுக்க முடியும். எனக்கு வந்ததோ விரல் கனத்துக்கு மேலிருந்த அகலமான ஒற்றைத் துண்டுகள், பாசா என்று விற்கப்படும் வளர்ப்புக் கெளுத்தியின் தோற்றத்தோடு. நகரின் சில உணவகங்களில் ‘க்ரில்ட் சோல்’ என்று வருவதும் இதே உருவத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வளர்ப்பு மீனில் குற்றமில்லை; கடல் மீனின் விலையில் அதை விற்பதுதான் குற்றம். அதோடு, உண்மையான தட்டை மீன் கரையில் குறைந்து வருவது இந்தப் பெயர் மாற்றத்தால் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

மொத்தத்தில், மீனைக் கையாளும் விதத்துக்காக இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மீனைப் பற்றிச் சொல்லும் உண்மைக்காக ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அவர்களிடமிருந்து வஞ்சிரத்தைத் தொடர்ந்து வாங்குகிறேன், நாக்கு மீனை நிறுத்திவிட்டேன். விட முடியாதவர்கள், வாங்கும்போது ‘சுத்தம் செய்தது’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ‘முழு மீன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்; எடைக்கணக்கில் சற்று மலிவாகவும் வரும். தலை இருந்தால், கண்கள் இரண்டும் இடப்பக்கம் இருந்து, முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியிருந்தால் நாக்கு மீன். வால் தனியாக விரிந்து, வாய் அகன்று, பற்கள் தெரிந்தால் எருமை நாக்கு. அது கையளவே இருந்தால் குஞ்சு. அதைப் படமெடுத்து, அந்தப் படத்தோடு செயலியில் ஒரு புகார் எழுதுங்கள், பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.