பழைய பாட்டை ‘ஸ்டூடியோ தரம்’ ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கார்டு நம்பரைக் கொடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு, முக்கியமாகத் தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டு சிடி போட்டுக் கொடுக்கும் கோயில் குழுக்களுக்கு இந்தப் பதிவு. பழைய எம்பி3 பாட்டை மெருகேற்றி, அப்படியே சிடியிலும் ரைட் பண்ணித் தரும் என்று ஒரு சாஃப்ட்வேர் விளம்பரம் சுற்றுகிறது. 7 நாள் இலவசமாம், கார்டு விவரம் மட்டும் வேண்டுமாம். பெயரை நான் போடவில்லை. இந்த மாதிரிச் சரக்கு நாளைக்கு வேறு பெயரில் வரும். லட்சணம் தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பஜனைக் குழுவிடம் பெரியப்பா காலத்துக் கேசட்டுகள் இருக்கின்றன. காவடிச் சிந்து, உறுமி மேளம் எல்லாம் கோயில் வாசலிலேயே பதிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அவற்றை 128 கேபிபிஎஸ் (நன்றாகச் சுருக்கிய, சுமாரான தரம்) எம்பி3 ஆக்கி வைத்திருந்தார். பெரியவர்களுக்கு சிடிதான் வேண்டும். காரில் அதுதான் இருக்கிறது. “யுஎஸ்பியா? அதை எங்கே சொருகறது தம்பி?” என்று கேட்கும் பெரியம்மாவிடம் என்ன வாதாடுவது?

அதனால் நானும் கார்டு நம்பரைக் கொடுத்தேன். இலவசக் காலத்தில் அந்த சாஃப்ட்வேர் முதல் 3 பாட்டை மட்டும் ரைட் பண்ணியது. மற்றதெல்லாம் சத்தமே இல்லாத டிராக். இதை முன்கூட்டி எங்கேயும் சொல்லவில்லை. நிறுத்திவிடலாம் என்று போனால், ‘ரத்து’ பட்டனை அழுத்தியதும் ஒரு சாட் பெட்டி திறந்து “50% தள்ளுபடி தரட்டுமா?” என்கிறது. வேண்டாம் என்றால் காரணம் கேட்கிறது. காரணம் சொன்னால் மறுபடி தள்ளுபடி. கடைசியில் “உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது” என்று வந்தது. பதிவானது அவ்வளவுதான்; ரத்தாகவில்லை. 7 நாள் முடிவதற்குள்ளேயே ஒரு வருட சந்தாவை டாலரில் எடுத்துவிட்டார்கள். நம் கணக்கில் எழுநூறு ரேண்டுக்கு மேல், அதற்கு மேல் பேங்க்காரன் போடும் வெளிநாட்டுக் கட்டணம் வேறு.

பணத்தைக் கூட விடுங்கள். அது செய்த வேலையைப் பாருங்கள். 5 நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக ஏறக்குறைய 5 எம்பி இருக்கும். அது திருப்பிக் கொடுத்த வேவ் ஃபைல் (சுருக்காத ஆடியோ) 170 எம்பிக்கு மேல். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 96,000 முறை ஓசையை அளந்து பதிவது) என்று பெருமையாகக் காட்டுகிறது. ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ சாஃப்ட்வேரில் போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த உயர ஓசை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம்) பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சு ஓசை ஒன்றுமே இல்லை, கருப்பு. பழைய எம்பி3யிலும் அதே இடத்தில்தான் வெட்டு. எம்பி3 ஆக்கும்போது தூக்கிப் போட்ட ஓசையை எந்த சாஃப்ட்வேரும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதிகம் போனால் இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து எதையாவது நிரப்பலாம். இது அதைக் கூடச் செய்யவில்லை. சத்தத்தை மட்டும் ஏற்றியிருக்கிறது. அலையின் உச்சிகளெல்லாம் கத்தரித்தது போலத் தட்டையாகக் கிடந்தன. உறுமியின் அந்த அதிர்வு போய், கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரப்பு.

இதில் பெரிய வேடிக்கை, சிடி ரைட் பண்ணித் தரும் சாஃப்ட்வேரே 96 கிலோஹெர்ட்ஸ் என்று விலை பேசுவதுதான். ஆடியோ சிடியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், அவ்வளவுதான் ஏறும். 1980இல் வகுத்த தர அளவு, இன்றைக்கும் அதேதான். ஏற்றிக் காட்டியதை ரைட் பண்ணும்போது அதுவே இறக்கிவிடுகிறது!

இன்னொன்று. நாம் ‘ஆடியோ சிடி’ என்று தேர்ந்தெடுக்காவிட்டால் அது டேட்டா சிடியாகத்தான் (ஃபைல்களை அப்படியே வைக்கும் சிடி) போடுகிறது. கம்ப்யூட்டரில் பாடும், பெரியம்மாவின் பழைய பிளேயரில் வெறுமனே சுற்றும். பாட்டுக்குப் பாட்டு 2 விநாடி இடைவெளியும் விழுகிறது. நிற்காமல் ஓடும் காவடிப் பாட்டை நடுவில் வெட்டினால் கேட்கச் சகிக்குமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, டவுன்லோடு செய்தாகிவிட்டது, தர முடியாது என்றார்கள். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் ஆன்லைனில் வாங்கியதை 7 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை தருகிறது. ஆனால் பிரித்துவிட்ட சாஃப்ட்வேர் அந்த உரிமையில் சேராது என்று அதிலேயே விலக்கு உண்டு. அதனால் சட்டம் பேசி அதிக நேரம் கழிக்காமல், பேங்க்கில் தகராறு மனு போட்டு, கார்டை முடக்கி, புதுக் கார்டு வாங்கினேன். மனுவுக்கு முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கெல்லாம் காசு தேவையே இல்லை. விண்டோஸில் பழைய ‘விண்டோஸ் மீடியா பிளேயரே’ ஆடியோ சிடி போடும். சிடிபர்னர் எக்ஸ்பியும் இலவசம், லினக்ஸ்காரர்களுக்கு கே3பி. ‘ஆடியோ சிடி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், இடைவெளி வேண்டாமென்றால் ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ (முழு டிஸ்க்கையும் நிற்காமல் ஒரே மூச்சில் எழுதுவது) முறை இருக்கிறதா பாருங்கள். வெற்று சிடி-ஆர் வாங்குங்கள். அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவைப் பழைய பிளேயர் பல சமயம் படிக்காது. 80 நிமிடத்துக்கு மேல் அடைக்காதீர்கள். மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் ரைட் பண்ண உட்காராதீர்கள், பாதியில் நின்றால் அந்த டிஸ்க் குப்பைக்குத்தான்.

நிஜமாகவே தரம் கூட வேண்டுமானால் எம்பி3யை விட்டுவிட்டுக் கேசட்டைத் தேடுங்கள். எங்களுடையது பீரோவில் நன்றாகவே இருந்தது. டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, நேராகக் கம்ப்யூட்டருக்கு லைன் கொடுத்து, வேவ் ஆகப் பதிந்தோம். பாட்டு தொடங்கும் முன் வரும் வெறும் இரைச்சலை மாதிரியாகக் கொடுத்தால் ஆடாசிட்டி அந்த இரைச்சலைக் குறைக்கும். கொஞ்சமாகக் குறையுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

ஏற்கெனவே கார்டு கொடுத்தவர்கள் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். சாஃப்ட்வேர் பெயரில் தேடினால் கிடைக்காது. என்னுடையதில் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரில் வந்திருந்தது. டாலர் வரவு செலவு எது என்று தேடினால்தான் அகப்படும்.